வெல்வெட் பொய் சொல்லாது

உங்கள் சட்டையின் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது ஐயா. தைத்தவன் மேல் தப்பில்லை. உங்களுக்கே இடது தோள் வலதை விடச் சற்றுத் தாழ்வு. பாதிப் பேருக்கு அப்படித்தான். நல்ல தையல்காரன் அதைக் கண்டுபிடித்து, உங்களிடம் சொல்லாமல், உள்ளே ஒரு துண்டுத் துணியை வைத்துச் சரிசெய்துவிடுவான். நீங்களும் கண்ணாடியைப் பார்த்து, பரவாயில்லை, நமக்கு நல்ல தோள் என்று நினைத்துக்கொண்டு போவீர்கள். எங்கள் தொழிலே அவ்வளவுதான். மனிதர்களுக்கு அவர்கள் உடம்பைப் பற்றி நாலு நல்ல பொய் சொல்வது.

கெட்ட பொய்யும் சொல்லலாம் என்று இந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன்.

என் பெயர் கிளமென்ட். பாலக்கரையில் தையல் கடை. வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் முறம் மாதிரி இருக்கிற என் காதுகளைப் பார்த்துவிட்டு, காபி மட்டும் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். ஊர் முழுக்க அளவெடுத்தவன் நான். என்னை அளவெடுத்துப் பார்க்க ஒருத்தி வரவில்லை. நேற்று நீங்கள் ஏட்டையாவிடம், இவனை எந்தச் செக்ஷனில் போடுவது என்று கேட்டீர்கள். இந்தக் காதுகளுக்கு எதுவும் தப்பாது. துணியைப் பிடித்துத் தைத்ததற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று எனக்கும் தெரியவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

போன நவம்பரில் வெள்ளம் வந்ததே, அதிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்ரீரங்கத்து ரங்கசாமி சார் ஒரு நாடக மன்றம் நடத்துகிறார். ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள் சாயங்காலத்தில் கூடிப் போடுகிற நாடகம். வேஷப் பெட்டிகளை உறையூரில் ஒரு நண்பர் வீட்டில் வைத்திருந்தார். தண்ணீர் உள்ளே புகுந்து, ராஜா மந்திரி சேனாதிபதி எல்லாரும் ஒரே சேற்று நிறமாகிவிட்டார்கள். என் கடைக்கு வந்து உட்கார்ந்து, "ஊரையெல்லாம் பெருமாள் காப்பாத்திட்டார் ஓய். என் பெட்டியை மட்டும் மறந்துட்டார்" என்றார். மற்ற உடுப்புகளை வெளுத்துச் சமாளிக்கலாம், ராணிக்கு மட்டும் புதிதாக அங்கி வேண்டும் என்றார்.

நாடகம், நாயக்கர் காலத்து ராணி ஒருத்தி கோட்டையைக் காப்பாற்றிய கதை. அப்படி ஒரு ராணி இருந்தாளா என்று கேட்டால் சாருக்குக் கோபம் வரும். அந்தக் காலத்தில் ராணிகள் கழுத்து முதல் கால் வரை வெல்வெட் போட்டார்களா என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். மேடையில் ராணி என்றால் வெல்வெட். சேவகன் என்றால் காடாத் துணி. திருச்சி வெயிலில் யார் எதில் வேகிறார்கள் என்பது சரித்திரத்தில் இல்லை.

நல்ல மெரூன் வெல்வெட் எடுத்தேன். எங்கள் தெருவில் ஜஹானாரா என்று சமிக்கி வேலை செய்கிற அம்மா இருக்கிறார். அவர்தான் அங்கியின் இரண்டு பக்கமும், கக்கத்திலிருந்து இடுப்பு வரை, வரிசையாகத் தங்கச் சமிக்கியில் மாங்காய் போட்டுக் கொடுத்தார். கொக்கிகளை முதுகில் வைத்தேன். முன்னால் வைத்தால் மாங்காய் கெடும்.

ராணி வேஷம் அமலராணிக்கு. மன்னார்புரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிற பெண். இருபத்தைந்து வயது. ஆபீஸ் நாடகங்களில் பெண் வேஷத்துக்கு ஆள் கிடைக்காமல் கூப்பிடுவார்கள், போவாள். அப்பா இல்லை. அம்மா வியாகுலம்மாள் நிழல் மாதிரி கூடவே வருவார். போட்டோவில் பார்த்தால் சாதாரண முகம்தான். சிரித்தால் போட்டோக்காரன் மேல் நமக்குக் கோபம் வரும்.

முதல் தடவை அங்கியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். "அண்ணே, இதப் போட்டா நானே எனக்கு வணக்கம் வைக்கணும் போலருக்கு" என்றாள்.

அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். முதல் நாளிலிருந்தே. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கி முதல் தடவையிலேயே கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. எங்கள் தொழிலில் அது எப்போதாவது நடக்கிற அற்புதம். சொல்லியிருக்கலாம். சொன்னால் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். "கழுத்துல ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கும்மா, சனிக்கிழமை வாங்க" என்றேன். கழுத்தில் ஒரு வேலையும் இல்லை.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் வந்தாள். வெல்வெட்டைப் பெட்டியில் பூட்டினால் பூச்சி வரும் என்று சொல்லி, அங்கியை என் கடையிலேயே தொங்கவிட்டேன். ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்னால் போட்டுப் பார்க்க வேண்டும், நாடகத்தன்று நானே எடுத்துக்கொண்டு வருவேன் என்று ஏற்பாடு. எதிர்க்கடையில் உளுந்தவடை வாங்கி வைப்பேன். அமலராணி மூன்று தின்பாள். நாலாவதைக் கையில் எடுத்து, "இது அண்ணனுக்கு" என்பாள். நான் வேண்டாம் என்பேன். அதையும் தின்பாள். வியாகுலம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டே, "ராணி மாதிரியா திங்கிற, படை மாதிரி திங்கிற" என்பார். என் கடையில் அதுவரை மெஷின் சத்தம்தான் கேட்கும். சனிக்கிழமை மட்டும் வீட்டுச் சத்தம் கேட்டது.

அந்த நாடகத்தில் சேனாதிபதி வேஷம் தைரியராஜுக்கு. துவாக்குடியில் ஒரு பட்டறையில் ஃபோர்மேன். எங்கள் ஆள்தான், கிறிஸ்தவன். அவனுக்குத் தோள் இரண்டும் ஒரே மட்டம். அப்படி ஒருவனை நான் அதற்கு முன் அளவெடுத்ததில்லை.

பொங்கல் நாடகம் முடிந்த சனிக்கிழமை அவள் லட்டு கொண்டுவந்தாள். தைரியராஜுக்கும் அவளுக்கும் பேசி முடித்துவிட்டார்களாம். தபசு காலத்தில் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் ஈஸ்டருக்கு அப்புறம் தேதி. கல்யாணத்துக்குப் பிறகு நாடகம் வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டானாம், அவளும் சரி என்றுவிட்டாளாம். சொல்லிவிட்டு, "கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் நீங்கதாண்ணே தைக்கணும்" என்றாள். "இந்த அங்கி மாதிரி அங்க ஒரு வேலை இங்க ஒரு வேலைன்னு இழுக்கக் கூடாது. ஒரே தடவையில கச்சிதமா வரணும்."

அந்த லட்டைத் தின்றேன். ஏலக்காய் கொஞ்சம் தூக்கல். மற்றபடி நன்றாகத்தான் இருந்தது.

அவர்கள் போனதும் அங்கியை எடுத்து மெஷினில் போட்டேன்.

இங்கே தொழில் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டம்மாவைக் கேட்டாலும் சொல்வார்கள். பெண்கள் உடுப்புக்குப் பக்கவாட்டில் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்போம். உடம்பு போட்டால் தையலைப் பிரித்துக் கொஞ்சம் விடலாம். இளைத்தால் கொஞ்சம் பிடிக்கலாம். பிரசவம், காய்ச்சல், கவலை, மாமியார் எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு விரல் துணியில் இடம் உண்டு. அதில் நான் ஒரு நூல் பிடித்தேன். நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. பார்த்தால் தெரியாது. போட்டால் தெரியும்.

என் திட்டம் இவ்வளவுதான். அங்கி இறுக்கும், பிரித்துவிடச் சொல்லி வருவாள், ஒரு சனிக்கிழமை கூடுதலாகக் கிடைக்கும். இதைக் கொலைத் திட்டம் என்று எழுத வேண்டாம் என்று ஏட்டையாவிடம் சொல்லுங்கள்.

வந்தாள். போட்டாள். கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள்.

"கக்கத்துல இறுக்குதுண்ணே. நான் குண்டாயிட்டேனா?"

தையல்தான் இறுக்கம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவள் கழுத்தில் ஒரு புதுச் சங்கிலி இருந்தது. அவன் வீட்டில் போட்டது.

"கல்யாணப் பொண்ணுன்னா கொஞ்சம் சதை போடுறது வழக்கந்தானேம்மா" என்றேன்.

சிரித்தாள். சிரித்துக்கொண்டே வடையை எடுத்தாள். எடுத்தவள், ஒரு கணம் யோசித்து, திரும்பவும் இலையிலேயே வைத்துவிட்டாள்.

ஐயா, என் வாழ்நாளில் யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை. காஜா எடுக்க வந்த ஆட்கள் கேட்டதில்லை, என் கூடப் பிறந்தவர்கள் கேட்டதில்லை. அன்றைக்கு ஒரு பெண், என் ஒரு வார்த்தைக்காக, கையிலிருந்த வடையைக் கீழே வைத்தாள். அது எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கியைப் பிரித்துவிடவில்லை. அவளும் கேட்கவில்லை. "நானே கொறைச்சிடறேண்ணே" என்றாள்.

தைரியராஜ் கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தபோது, விளையாட்டாகச் சொல்கிற மாதிரி, ராணியம்மாவுக்கு அங்கி பத்தவில்லை என்று சொன்னேன். அவன் நல்லவன். அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது. ஒத்திகையில் எல்லார் முன்னாலும், "சிம்மாசனத்துக்கு இன்னும் ரெண்டு கால் போடணும் சார், ராணி தாங்காது" என்று ஆசையாகக் கேலி செய்தான். நான் எதிர்பார்த்தது, அவள் முகம் சிவக்கும், சண்டை வரும், சண்டை வளர்ந்து கல்யாணம் நிற்கும் என்று. அவள் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள். அவன்மேல் கோபித்துக்கொள்ளவில்லை. சோற்றின் மேல் கோபித்துக்கொண்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத் தபசு காலம் வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஈஸ்டருக்கு முன்னால் எங்களுக்கு நோன்பு. ஒரு வேளை மட்டும் சாப்பிடுவதை ஒருசந்தி என்போம். வெள்ளிக்கிழமை இருந்தாலே பெரிய விஷயம். அவள் தினமும் ஒருசந்தி இருந்தாள். பிறகு அந்த ஒரு வேளையும் பாதி வேளையானது. வேறு மாதத்தில் ஒரு பெண் அப்படிப் பட்டினி கிடந்தால் வீட்டில் அடித்துச் சாப்பிட வைத்திருப்பார்கள். தபசு காலத்தில் அதற்குப் பெயர் பக்தி. மேலப்புதூரில் அவர்கள் தெருப் பெண்கள் அவளைக் காட்டித் தங்கள் பிள்ளைகளைத் திட்டினார்களாம். வியாகுலம்மாள் பெருமையாகச் சொன்னார், "எம் புள்ளைக்கு இந்த வருஷம் ஆண்டவர் நல்ல மனசக் குடுத்திருக்காரு தம்பி." நானும், "நல்லதுதாம்மா" என்றேன்.

அவள் இளைத்தாள். அங்கி சரியாக உட்கார்ந்தது. உட்கார விடக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நான் நினைத்துச் செய்ததில்லை. ஏதாவது ஒன்று நடக்கும், கை தானாக மெஷினுக்குப் போகும். அவன் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவள் வந்து இறங்கிய சனிக்கிழமை ஒரு நூல். அவன் பெயரைச் சொல்லாமல் 'அவர்' என்று சொன்ன அன்றைக்கு ஒரு நூல். என்னை அண்ணே என்றாள், அவனை அவர் என்றாள். எந்த வார்த்தையில் எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா.

ஒரு தடவை அவளுக்கே சந்தேகம் வந்தது. "வீட்டு ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு இருக்குண்ணே. இது மட்டும் ஏன் இறுக்குது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. "பருத்தி போடப் போட விரிஞ்சிடும்மா. அத நம்ப முடியாது. வெல்வெட் பொய் சொல்லாது" என்றேன். அவள் டேப்பால் அளந்து பார்க்கச் சொன்னாள். அளந்தேன். அளவைப் படிக்கும்போது என் கட்டைவிரல் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நான் மூஞ்சியில மட்டும் இளைக்கிறேன் போலருக்கு" என்றாள்.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. கல் நெஞ்சுக்காரன் என்று எழுதிவிடாதீர்கள். அவளுக்கு ஒரு டம்ளர் மோர் வரவழைத்தேன். குடிக்கவில்லை.

பிறகு ஜஹானாரா. சமிக்கி சில இடங்களில் உதிர்ந்திருந்தது, தைத்துத்தரக் கொடுத்தேன். மறுநாள் அங்கியை மடியில் வைத்துக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"கிளமென்ட் அண்ணே, என் மாங்காயெல்லாம் பாதியா நிக்குதே. மீதிய யாரு தின்னா?"

பக்கத் தையலுக்குள் மாங்காய்கள் பாதி புதைந்திருந்தன. நான் அதை யோசிக்கவில்லை. பொண்ணு இளைத்துவிட்டாள், பிடித்துக் கொடுக்கச் சொன்னாள் என்றேன்.

"பஸ் ஸ்டாப்புல பார்த்தேன் அந்தப் புள்ளைய. எலும்பும் தோலுமா நிக்குது. நல்லாருக்கியாம்மான்னு கேட்டா, ரொம்பக் குண்டாயிட்டேன்க்காங்குது. இளைச்சதுக்குப் பிடிச்சீங்கன்னா, அவ ஏன் அப்படிச் சொல்றா?"

"ராணிங்க கணக்கு நமக்கு என்ன தெரியும்" என்று ஒரு சிரிப்புச் சிரித்தேன்.

"எனக்குச் சிரிப்பு வரலண்ணே" என்று அங்கியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு நான் பயந்துவிட்டேன் என்பது உண்மை. எல்லாவற்றையும் பிரித்து, முதலில் இருந்த அளவுக்கே விட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். பிளேடைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது பார்த்து அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள், அவனுடைய கோட்டைப் போட்டுப் பார்க்க. கோட்டில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது. அவன் கண்ணாடி முன்னால் நின்றான். அவள் எதிரே நின்று, காலரை இழுத்துவிட்டு, இரண்டு தோளிலும் கை வைத்துத் தடவி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நான் தைத்த கோட்டை, என் கடையில், என் கண்ணாடி முன்னால். ஒரு தையல்காரன் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். என்னை ஒருவரும் அப்படி அளந்ததில்லை என்று முன்பே சொன்னேன் அல்லவா.

"எப்படிண்ணே இருக்கார்?" என்று என்னையே கேட்டாள்.

"கச்சிதம்" என்றேன்.

அவர்கள் போன பிறகு பிளேடை டப்பாவில் போட்டு மூடினேன். உள்ளே இன்னும் கொஞ்சம் துணி இருந்தது.

கடைசி நாடகம் ஸ்ரீரங்கத்தில். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, ஈஸ்டருக்கு எட்டு நாள் இருந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, அங்கிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். காவிரிப் பாலம் தாண்டும்போது காற்று வந்ததோடு சரி. ஹாலுக்குள் அடுப்பு மாதிரி வெக்கை. பெண்கள் உடை மாற்றுகிற இடத்துக்கு ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். உள்ளே வியாகுலம்மாள் கொக்கி மாட்டினார். மாட்ட வரவில்லை. நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லிக்கொடுத்தேன்.

"மூச்ச வெளிய விடச் சொல்லுங்கம்மா."

"விட்டேண்ணே."

"இன்னும் கொஞ்சம்."

கொக்கி விழுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக.

முதல் பாதி நன்றாகவே நடித்தாள். இடைவேளையில் ஒரு மடக்கு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். மேக்கப்புக்கு மேலே வேர்வை, உதடு ஒரு மாதிரி நீலம். தைரியராஜ் அவள் எதிரே முழங்காலிட்டு, தன் அட்டைக் கேடயத்தால் விசிறிக்கொண்டிருந்தான். அவள் அம்மாவைப் பார்த்து, "ரெண்டு கொக்கிய மட்டும் விடும்மா. நெஞ்சு படபடன்னு வருது" என்றாள். வியாகுலம்மாள் முதுகுப் பக்கம் போனவர், கை வைக்காமல் என்னைப் பார்த்தார். தைத்தவனைக் கேட்காமல் தொடக்கூடாது என்று நினைக்கிற மரியாதைக்காரர்.

அந்த நேரம் அமலராணி என்னைப் பார்க்கவில்லை. விசிறுகிறவனைப் பார்த்து, பரவாயில்லை என்று சொல்கிற மாதிரி, ஒரு சிரிப்புச் சிரித்தாள். என் கடையில் வடையைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பாளே, அதே சிரிப்பு.

"இப்ப விட்டா முதுகு திறந்து நிக்கும்மா" என்றேன். "தர்பார் சீன்ல திரும்பி நிக்கணும். இன்னும் ஒரே ஒரு சீன்தான்."

"அண்ணன் சொல்றாருல்ல, பொறுத்துக்கம்மா" என்றார் வியாகுலம்மாள்.

பொறுத்துக்கொண்டாள். தர்பார் சீன் முழுவதும் வசனம் பிசகாமல் பேசினாள். கடைசி வசனத்தைப் பேசிவிட்டு, சிம்மாசனத்தில் போய் உட்கார்ந்தாள், திரை விழுந்தது. வணக்கம் சொல்ல எல்லாரும் வரிசையாக வந்து நின்றார்கள். ராணி மட்டும் எழுந்திருக்கவில்லை.

என் சட்டைப்பையில் பிளேடு இருந்தது. நாடகத்தன்று எப்போதும் இருக்கும். தைரியராஜ், "வெட்டுங்கண்ணே, துணிய வெட்டுங்க" என்றான். நான் அவள் முதுகுப் பக்கம் மண்டியிட்டு, கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தேன். நல்ல வெல்வெட். வெட்ட மனம் வரவில்லை. அவன் என்னைத் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தான். முதுகில் துணி கிழிந்தது. தையல் விடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே முடிந்துவிட்டது. இருதயம் என்றார் டாக்டர். பட்டினியும் வெக்கையும் சேர்ந்து, பலவீனமான இருதயம் தாங்கவில்லை என்றார். தபசு காலத்தில் ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிழிந்த முதுகைச் சரிசெய்து வேறொரு பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்த ரங்கசாமி சார், அங்கியை என்னிடம் தராமல் ஜஹானாராவிடம் தந்திருக்கிறார். என் மனம் கஷ்டப்படும் என்று நினைத்தாராம். ஜஹானாரா பக்கத் தையலைப் பிரித்துப் பார்த்து, அதை அப்படியே தைரியராஜிடம் கொண்டுபோனார். அவன் உங்களிடம் கொண்டுவந்தான். இதோ மேஜைமேல் விரித்து வைத்திருக்கிறீர்கள். பருத்தியாக இருந்தால் பழைய தையல் பிரித்த இடம் ஒரு தண்ணீரில் மறைந்துபோகும். வெல்வெட்டில் ஊசி ஒரு தடவை இறங்கினால் அந்தத் துளை போகாது. வரிவரியாக, ஒன்றுக்குள் ஒன்றாக, வெளியிலிருந்து உள்ளே போயிருக்கிறது பாருங்கள். வெளியே போன வரி ஒன்றுகூட இல்லை. வெல்வெட் பொய் சொல்லாது என்று அவளிடம் நான்தான் சொன்னேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், பேச்சுவாக்கில் மறந்துவிட்டது. முதல் நாள் அளவெடுத்தபோது வியாகுலம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "மார்புப் பக்கம் கொஞ்சம் தாராளமா விட்டுத் தைங்க தம்பி. சின்னதுல ஒரு காய்ச்சல் வந்து, இவளுக்கு நெஞ்சு பலமில்ல. மாப்பிள்ளை தேடற நேரம், வெளிய சொல்லிடாதீங்க." நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஆகவே, தெரியுமா என்று நீங்கள் கேட்டதற்குப் பதில், தெரியும். பிடித்தது நான்தானா என்றால், நான்தான். இடைவேளையில் அவள் முகத்தைப் பார்த்தாயா என்றால், பார்த்தேன். அவள் சாக வேண்டும் என்று நினைத்தேனா என்றால், சத்தியமாக இல்லை. அவள் கொஞ்சம் குறைய வேண்டும் என்று நினைத்தேன். அவனிடம் கொண்டுபோய்க் கொடுக்க ஒன்றும் மிஞ்சாத அளவுக்கு.

எங்களில், கல்யாணம் ஆகாமல் இறந்துபோகிற பெண்ணைக் கல்யாணக் கோலத்தில்தான் பெட்டியில் வைப்போம். அவள் போன மறுநாள் விடிந்ததும் வியாகுலம்மாள் வெள்ளைப் பட்டுத் துணியோடு வந்து என் கடை வாசலில் நின்றார். "நீங்கதான் தைக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா தம்பி" என்றார். அளவு ஜாக்கெட் கொண்டுவந்திருந்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியாத அளவா. அவள் கடைசியில் எவ்வளவு ஆகியிருந்தாள் என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும். உள்ளே துணி விடவில்லை. இனிமேல் பிரிக்க வேண்டியிருக்காது.

தைரியராஜ் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்திருந்தான். நன்றாகப் பொருந்தியிருந்தது. ஆனால் நான் அவனை அதிகம் கவனிக்கவில்லை. பெட்டியை மூடுவதற்கு முன்னால் கிட்டே போய்ப் பார்த்தேன். கழுத்து, கக்கம், கை, எங்கேயும் ஒரு சுருக்கம் கிடையாது. அவள் கேட்டுக்கொண்ட மாதிரியே, ஒரே தடவையில். அவனால்கூட அவள் சொன்னதை இவ்வளவு சரியாகச் செய்து கொடுத்திருக்க முடியாது ஐயா. முதல் தடவையாக, என் தையலில் அவள் ஒரு குறையும் சொல்லவில்லை.